எந்தப் பெட்டியில் ஏறினாய்?

ரயிலில் ஏறும் முன் அது எந்தப் பெட்டி என்று பார்க்க வேண்டும். இது எங்கள் வீட்டுச் சட்டம். அண்ணனின் கலியாணத்தால் வந்தது.

எங்கள் ஊர் வாழைச்சேனை. அந்த நாளில் கொழும்பிலிருந்து வரும் இரவு ரயில் கல்லோயாவில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி திருகோணமலைக்குப் போகும், மறு பாதி எங்கள் பக்கம் வரும். கலியாணக் கூறைச்சேலைக்கு வேலைப்பாடு செய்யக் கொடுத்திருந்த கொழும்புக் கடைக்காரன் கடைசி நாள் வரை இழுத்தடித்தான். அதை எடுத்துக்கொண்டு வந்த அம்மாவும் நானும் சனம் குறைந்த பெட்டியாகப் பார்த்து ஏறிப் படுத்துவிட்டோம். விடிந்து பார்த்தால் திருகோணமலை. கதிரவெளி ரோட்டால் பஸ்ஸில் குலுங்கி வந்து சேர்ந்தபோது, மணப்பெண்ணான மச்சாள் யாரோ ஒரு மாமியின் சேலையில் தாலி வாங்கி முடித்திருந்தாள். இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

பிறகு நான் போலந்துக்குப் போனேன். படித்தது கடதாசித் தொழில்நுட்பம். வகுப்பில் இலங்கையர் இரண்டே பேர், நானும் ஒரு யாழ்ப்பாணத்துப் பொடியனும். கெட்டிக்காரன்தான், ஆனால் வாய் சரியில்லை. எங்கள் ஊரில் ஒரு கடதாசி ஆலை இருக்கிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அதோடு தொடங்கினான்.

"ஓடாத மில்லைப் பார்த்திட்டோ பேப்பர் படிக்க வந்தனீர்?"

அந்த ஆலையில் என் அப்பா வேலை செய்தவர். எனக்கு எப்படி எரிந்திருக்கும்!

கடைசி வருடத்தில் தூரத்து நகரம் ஒன்றின் பெரிய ஆலையில் பயிற்சிக்கு ஆள் கேட்டார்கள். ஒரு இடம்தான். நேர்முகத்துக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். அவனை வென்று அந்த இடத்தை எடுக்க வேண்டும். அந்த மாதம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

காலையில் நேர்முகம் என்பதால் நாங்கள் இருவரும் இரவு ரயிலில்தான் போக வேண்டியிருந்தது. டிக்கெட்டில் போட்டிருந்த பெட்டியில் ஹீட்டர் செத்துக் கிடந்தது. வெளியே பனி. ஆறு பேருக்கான அறையில் ஆறு பேர், பன்னிரண்டு பை. பக்கத்து ஆள் என் தோளிலேயே குறட்டை விட்டார். அவன் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தான்.

"பின்னுக்கு ஒரு பெட்டி முழுக்கக் காலி. நல்ல சூடு. வாரும், படுப்பம்."

போனேன். வாசலில் நின்று பலகையை வாசித்தேன். நாங்கள் போகும் ஊரின் பெயர் அதில் இல்லை.

"இது வேற ஊருக்குப் போற பெட்டி. எங்கயோ கழட்டப் போறாங்க. வாங்க, நம்மட இடத்துக்குப் போவம்."

"விசரே உமக்கு? அது போன பயணத்தின்ர போர்டு. இது ஐரோப்பா, உங்கட வாழைச்சேனைக் கோச்சி இல்லை."

"அப்ப படுங்க."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு நீட்டி நிமிர்ந்து படுத்தான். நான் திரும்பி வந்து குளிருக்குள் இருந்தேன். கால் விறைத்தது, முதுகு வலித்தது, கண் எரிந்தது. நித்திரை வரவில்லை. அவன் அங்கே சுகமாகக் கிடக்கிறான் என்ற கோபம்தான் கொஞ்சம் சூடு தந்தது.

ஏதோ ஒரு சந்தியில் ரயில் நின்றது. நெடுநேரம் அசையவில்லை. திடீரென்று லைட் அணைந்து எரிந்தது. பின்பக்கமிருந்து ஒரு இடி. கல்லோயாவில் நித்திரையில் கேட்ட அதே இடி. எனக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது.

விட்டிருக்கலாம். விட்டிருந்தால் போட்டிக்கு ஆளே இல்லை. நல்ல மனதால் நான் ஓடினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் வராமல் எனக்கு அந்த இடம் கிடைத்தால், 'நான் இல்லாதபடியால்தான் அவளுக்குக் கிடைச்சது' என்று சாகும்வரை சொல்லித் திரிவான். அந்தக் கதைக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

பிளாட்பாரத்தில் பனிக்குள் ஓடி, அந்தப் பெட்டியில் ஏறி, அவனுடைய ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தேன்.

"எழும்புடா! கழட்டிட்டாங்கடா!"

"என்ன? ஆர்?"

"வெளிய பாரு!"

பார்த்தான். எங்கள் பெட்டிக்கும் அவன் பெட்டிக்கும் நடுவில் வெறும் தண்டவாளம். பையைத் தூக்கிக்கொண்டு குதித்தான். எங்கள் பெட்டியில் ஏறியதும் ரயில் நகர்ந்தது. அப்போதுதான் குனிந்து காலைப் பார்த்தான்.

"ஐயோ, என்ர சப்பாத்து!"

"அது ஐரோப்பாவைச் சுத்திப் பாக்கப் போகுது."

நேர்முகத்துக்கு அவன் என் குளியலறைச் செருப்பில் வந்தான். வாழைச்சேனைச் சந்தைக் கடையில் வாங்கிய நீல ரப்பர் செருப்பு, குதிக்கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். நன்றாகச் செய்தேன் என்று சொன்னான். செய்திருப்பான்.

பிறகு நான் போனேன். மரத்தை விட்டால் வேறு எதில் கூழ் எடுக்கலாம் என்று கேட்டார்கள். வைக்கோல் என்றேன். எங்கள் ஊர் ஆலை வைக்கோலில்தான் தொடங்கியது. வயல் வட்டையில் நெல் வெட்டு முடிந்ததும் லொறி லொறியாக வந்து இறங்குமாம். வைக்கோலில் இருக்கும் மணல் போன்ற சத்து குழாய்களில் படிந்து அடைக்கும், அதைச் சுரண்டுவதுதான் அப்பாவின் வேலை. அவர் வீட்டில் அதைத் திட்டாத நாள் இல்லை. அந்தத் திட்டையெல்லாம் ஆங்கிலத்தில் போட்டு, அடைப்பைக் குறைக்க நான் படித்த வழிகளையும் சேர்த்துச் சொன்னேன். ஒரு இரவு முழுக்க நித்திரை இல்லை, நாக்கு மட்டும் ஓடியது. குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானமே முடிவு சொன்னார்கள். எனக்குத்தான்.

அவன் கை தந்தான். அதில் குறை சொல்ல முடியாது. நான் வீட்டுக்கு ஃபோன் எடுத்தேன்.

"எடுபட்டிட்டன் அம்மா."

"அது சரி மகள், எந்தப் பெட்டியில போன நீ?"

சொன்னேன். பின்னால் மச்சாளின் குரல் கேட்டது. "என்ட கூறைச்சேலையாலதான் இவள் தப்பின எண்டு சொல்லுங்க மாமி!"

அன்று இரவே திரும்பினோம். ரயில் வந்து நின்றது. என் நீலச் செருப்போடு பெட்டி வாசலில் நின்று, அவன் பலகையை எழுத்து எழுத்தாக வாசித்தான். டிக்கெட்டைப் பார்த்தான். மறுபடி பலகையைப் பார்த்தான். கடைசியில் என் பக்கம் திரும்பினான்.

"இது எங்கட பெட்டிதானே?"

கொஞ்சம் குளிரில் நிற்கட்டும் என்று விட்டேன்.

"ஓம். ஏறுங்க."