பெரியம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்

பாலாற்றுப் பாலத்தின்மேல் கார் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் போன் வந்தது. கருங்குழியில் சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுபவர் பேசினார். "பொட்டி இப்பவே வேணுமாம்மா, காலைல அனுப்பட்டுமா? மாடி வூடா, தரை வூடா?" என்றார். பின்சீட்டில் பெரியம்மா வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு, நனைக்க டீ இல்லாத பிஸ்கட்டைக் கோபத்தோடு கடித்துக்கொண்டிருந்தார். "யாருடி போன்ல?" என்று கேட்டார். பர்னிச்சர் கடைக்காரர் என்று சொல்லிவைத்தேன்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவர். மாதவிலக்கு நின்று பல வருஷங்களுக்குப் பிறகு திரும்பவும் இரத்தம் பட்டபோது, யாரிடமும் சொல்லாமல் மறைத்தே வைத்திருந்தார். கடைசியில் என்னிடம் மட்டும் சொன்னார். செங்கல்பட்டில் காட்டினோம். கர்ப்பப்பையில் புற்றுநோய், ஆரம்ப நிலை என்றார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டாம், சின்னச் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுக் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. காலையில் முதல் ஆளாக உள்ளே போன பெரியம்மா சாயங்காலம் எழுந்து நடந்தார், தானே பாத்ரூம் போய்வந்தார், டீ கேட்டு, அது ஆறிப்போயிருக்கிறது என்று நர்ஸிடம் சண்டை போட்டார். "அப்போ வீட்டுக்குப் போலாம்" என்றார் டாக்டரம்மா.

நான் சந்தோஷத்தில் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து, இன்றைக்கே அனுப்புகிறார்கள், வீட்டைக் கொஞ்சம் பெருக்கி வையுங்கள் என்றேன். எங்கள் ஊரில் சுகப்பிரசவத்துக்கே மூன்று நாள் படுக்கவைப்பார்கள். கேன்சர் ஆபரேஷனுக்குப் போனவரை அன்றைக்கே திருப்பி அனுப்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். திறந்து பார்த்தார்கள், மூடினார்கள், கையை விரித்துவிட்டார்கள். ஊரைக் குற்றம் சொல்லவும் முடியாது. பெரியப்பாவையும் ஒரு சாயங்காலம் அப்படித்தான் அனுப்பினார்கள். அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசை கட்டியிருந்தன. ஜெபக்குழுப் பெண்கள் வெள்ளைப் புடவையில் வந்திருந்தார்கள். பெரியம்மா தன் காலால் இறங்கி நடந்து வந்ததும் அழுகை ஒரு நிமிஷம் நின்றது. "அணையப்போற வெளக்கு அப்டித்தான் பிரகாசமா எரியும்" என்று யாரோ சொல்ல, மறுபடி தொடங்கியது. தோள்பட்டை வலிக்கிறது என்றார் பெரியம்மா. ஆபரேஷனுக்காக வயிற்றில் காற்று நிரப்புவார்கள், அதனால் தோள் வலிக்கும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்ததைச் சொன்னேன். தொண்டை வற்ற எல்லாவற்றையும் விளக்கினேன். ஒரு கிழவி என் கன்னத்தைத் தடவி, "பாவம், கொழந்தைக்கு நெஜத்தைச் சொல்லல" என்றாள். எனக்குக் கல்லூரியில் படிக்கிற மகள் இருக்கிறாள்.

தன்னைப் பார்க்க இவ்வளவு பேரா என்று பெரியம்மாவுக்கு ஒரே பெருமை. மறுநாள் காலை கோவளத்து அத்தை வரும்வரை அந்தப் பெருமை இருந்தது. அத்தை, பெரியப்பாவின் தங்கை. கோவளத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனதிலிருந்து ஏரி மீனை மீன் என்றே ஒப்புக்கொள்ளாதவர். ஒரு விருந்தில் பெரியம்மாவின் மீன் குழம்பைக் கழுநீர் என்று சொல்லிவிட, அன்றோடு பேச்சு அறுந்தது. அந்த அத்தை தூக்கு நிறைய வஞ்சிரக் குழம்போடு வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அண்ணி, எதையும் மனசுல வெச்சுக்காத. உன் கொழம்புதான் கொழம்பு."

பெரியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போதுகூட அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. தட்டில் போட்டுக் கொடுத்ததில் ஒரு வாய் எடுத்து, "நல்லா கீது" என்றார். பெரியம்மா இன்னொருவர் சமையலைப் பாராட்டியதை நான் அதுவரை கேட்டதே இல்லை. பிறகு என்னைக் கிட்டே இழுத்து, காதுக் கம்மலைத் தொட்டுக் காட்டினார். "இது உன் பொண்ணுக்கு. எங்கிட்ட மறைக்காதடி. இவளே மன்னிப்பு கேக்கறான்னா இன்னா அர்த்தம்?" நான் என்ன சொன்னாலும் இனி நம்பமாட்டார் என்று தெரிந்துவிட்டது.

நல்லவேளையாக அப்போது ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தாள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். "பாட்டிம்மா, நடந்தீங்களா? காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்டாள். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. "பிரிஞ்சுது" என்றார் பெரியம்மா. "ஸ்தோத்திரம்" என்று ஒரு ஜெபக்குழு அம்மா பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். பெரியம்மா போனை வாங்கி நேராகவே கேட்டார். "ஏம்மா, மறைக்காம சொல்லு. தொறந்து பாத்துட்டு மூடிட்டீங்களா?"

"இன்னா பாட்டிம்மா நீங்க! கர்ப்பப்பைய முழுசா எடுத்தாச்சு. நல்லா கீறீங்கன்னுதானே வூட்டுக்கு அனுப்புனோம். நல்லா இல்லாதவங்கள இங்கியே வெச்சிருப்போமே!"

வாசலில் யாரோ சத்தமில்லாமல் நாற்காலிகளை அடுக்கினார்கள். பரிசோதனை முடிவு பிறகு வந்தது. மேற்கொண்டு சிகிச்சை தேவையில்லை என்றார்கள். இன்றும் செக்கப்புக்குப் போய்வருகிறோம். ஆனால் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை பெரியம்மா பிழைத்துக்கொண்டது அந்தக் காலையில்தான். தட்டைத் திரும்ப இழுத்து வைத்து இன்னொரு வாய் எடுத்துப்போட்டவர், அத்தையை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாடி இது, புளிய மட்டும் கரைச்சு எடுத்துகினு வந்துகீற? வஞ்சிரத்தை இப்டியா கொலை பண்ணுவாங்க?"

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வந்தபோது அழுததைவிடப் பெரிதாக அழுதார். "திட்டு அண்ணி, இன்னும் திட்டு" என்றார்.