என்மேல் ஏறிய பேய்

எண்பதுகளில் கல்யாணமாகி ராஜபாளையம் வந்தேன். மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்கள் எனக்கு நரகம். மார் கனக்கும், காரணமில்லாமல் அழுகை வரும், யார் பேசினாலும் எரிந்து விழுவேன். விலக்கானதும் சரியாகிவிடும். மில் ஆபீசில் வேலை பார்த்த என் கணவர், அந்தப் படித்த மேதை, எனக்குப் பேய் பிடித்திருப்பதாகக் கண்டுபிடித்தார்.

ஒருநாள் வன்னியம்பட்டியிலிருந்து கோடாங்கியைக் கூட்டி வந்தார். என்னை முற்றத்தில் உட்கார வைத்து, "ஏட்டி, யாரு நீ? பேரச் சொல்லு" என்று வேப்பங்குலையால் அவன் அடித்தான்.

"இன்னும் ரெண்டு போடுங்க, எறங்கிரும்" என்றார் எனக்குத் தாலி கட்டிய வீரர்.

அடுப்படியிலிருந்து கணவரின் அண்ணன் மனைவி வந்தாள். குலையைப் பிடுங்கி எறிந்தாள்.

"மாசாமாசம் தூரமாகுறதுக்கு முந்தி எனக்கும் இப்படித்தான் வருது. அப்போ என்னையும் அடிக்கணும்ல? வா, அடி!"

கோடாங்கி உடுக்கையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினான். என் கணவர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

அக்கா என்னை உள்ளே கூட்டிப்போனாள். "செத்த நேரம் படு. அழுகை வந்தா அழு. சோறு நான் பொங்குதேன்."

அதன்பின் என்னுடைய அந்த நாட்களில் அடுப்படியை அவள் பார்த்துக்கொண்டாள், அவளுடைய நாட்களில் நான். "இன்னைக்கு எனக்குச் சரியில்ல" என்று ஒருத்தி சொன்னால் போதும், மற்றவள் கேள்வி கேட்க மாட்டாள். அழுகை அப்புறமும் வந்தது. ஆனால் எனக்குப் பைத்தியமோ என்ற பயம் போய்விட்டது.

கோடாங்கியை எப்போதோ மன்னித்துவிட்டேன், அவனுக்கு அது பிழைப்பு. பெண்டாட்டியிடம் "என்ன செய்யுது?" என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியாமல், ஆள் வைத்து அடித்த மனிதரைத்தான் இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் என்னால் மதிக்க முடியவில்லை.