விழத் தெரிந்த குகன்

எங்கள் நகரத்துப் பேஸ்போல் குழு கடைசி ஆட்டம் வரை போய், கைக்கு எட்டிய கிண்ணத்தை விட்டுவிட்டு வந்த வருடம் இது. தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் கலியாண அழைப்புக் காட்டுகள் எல்லாம் கைபேசியில் வந்ததும் இதே வருடம்தான். குழு தோற்றதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை ஸ்காபரோ முழுவதும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு முகத்தைத் தொங்கவிட்டுத் திரிந்தது. நான் வோபர்னில் ஒரு கோப்பிக் கடையில் வரிசையில் நின்றேன். குகனின் மனைவி சுதா போன் எடுத்தாள்.

"அங்கிள், எங்கை நிக்கிறியள்?"

"கோப்பிக் கடையிலை, பிள்ளை."

"ஒருக்கா எங்கையாவது கதிரையிலை இருங்கோ."

நான் இருக்கவில்லை. இருந்தால் சொல்லிவிடுவாள் என்று தெரிந்தது. கோப்பியும் வாங்காமல் வெளியே வந்து நடந்தேன். நடந்துகொண்டிருக்கும்போதே சொன்னாள்.

வீட்டு வாசலில் காருக்குப் பனிக்காலச் சில்லு மாற்றிக்கொண்டிருந்த குகன் எழுந்து நின்றானாம். அப்படியே மல்லாக்க விழுந்தானாம். பிள்ளைகளைச் சிரிக்க வைக்க அவன் இடைக்கிடை அப்படி விழுகிறவன். சுதா ஜன்னலால் பார்த்துச் சிரித்திருக்கிறாள். "விளையாட்டுக்கு விழுந்தவர் எண்டு நினைச்சன், அங்கிள்" என்று அவள் சொன்னதை நான் இன்னமும் காதுக்குள் கொண்டு திரிகிறேன். அன்று தொடங்கிய நடை நிற்கவில்லை. சாப்பாட்டு மேசையில் இருந்தாலும் கால் தானாக எழும்புகிறது.

குகனின் முப்பத்தோராம் நாளுக்குப் போடும் நினைவு மலரில் நானும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று சுதா கேட்டாள். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடந்துகொண்டு சொல்லாதீர்கள், ஒரு இடத்தில் இருங்கள் என்று இப்போதும் ஏசுகிறாள்.

குகனை மேடையில் மட்டும் பார்த்தவர்களுக்கு அவன் பாம்பாட்டி. தலைப்பாகை, நெற்றியில் பெரிய பொட்டு, கையில் மூடி போட்ட பிரம்புக் கூடை. கூடைக்குள் ஒன்றும் இல்லை. அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்க் கடையில் நான்தான் அதை வாங்கிக் கொடுத்தேன். வேடத்தைக் கட்டிவிட்டவர் காசுக்குக் காட்டும் மல்யுத்த ஆட்டங்களை நடத்திய டக் என்கிற வெள்ளைக்காரர். பாம்பு வேண்டாமா என்று குகன் கேட்டபோது, உன் நிறம் போதும் என்றாராம் டக். குகன் சிரித்துக்கொண்டே வந்து எனக்குச் சொன்னான். சிரிப்பு முடிந்த பிறகும் அவன் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவன் கதிரையில் இருந்தால் அந்தக் கால் ஆடாமல் நான் கண்டதில்லை.

அதற்கு முந்திய குகனைச் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் இருந்த பழைய ஆட்கள் அறிவார்கள். அவனும் தாய் பரமேஸ்வரி அக்காவும் எங்கள் மாடியில் இருந்தார்கள். தகப்பன் இங்கு வரவே இல்லை, வரும் வழியிலேயே செத்துப்போனார். குகன் யூனிவேர்சிற்றிக் குழுவில் மல்யுத்தம் பிடித்தான். அது வேறு. ரப்பர் விரிப்பு, காதுக்கு உறை, பிடிக்குப் புள்ளி. வேடமும் இல்லை, சத்தமும் இல்லை. அவனைத் தோளோடு நிலத்தில் அழுத்தியவன் அங்கே கிடையாது. பதக்கங்களை அக்கா சாமித்தட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் கொழுவி வைத்திருந்தா. விளக்கு ஏற்றும்போது அவையும் மினுங்கும். நாட்டுக் குழுவுக்கு ஆள் எடுத்த நேரம் அவனுடைய முழங்கால் பிரண்டது. அதோடு அந்தக் கதவு மூடியது. படிப்பில் மிச்சம் இருந்த ஒரு வருடத்தையும் விட்டுவிட்டு டக்கின் மேடைக்குப் போனான்.

என்னையும் அவன்தான் கூட்டிப் போனான். நான் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை செய்தவன். மேடை என்பது இரும்புத் தூண், பலகை, மெல்லிய பஞ்சு, மேலே ஒரு துணி. அதைக் கழற்றி வான் வண்டியில் ஏற்றுவதும், போகிற ஊரில் பூட்டுவதும் என் வேலை. வானை ஓட்டியவன் பிரையன். சட்பரிப் பக்கம் சுரங்கத் தொழிலாளியின் மகன், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். மேடையில் நல்லவன் வேடம் அவனுக்குத்தான். ஊர் ஊராகப் பாம்பாட்டியைத் தூக்கி அடித்துவிட்டு, அதே பாம்பாட்டியின் கூடைக்குள் சிப்ஸ் பக்கற்றை வைத்துத் தின்றபடி வீடு வருவான்.

ஆர் வெல்வது என்பதை ஆட்டம் தொடங்குமுன் உடுப்பு மாற்றும் அறையில் டக் சொல்லிவிடுவார். இது உலகத்துக்கே தெரிந்த விடயம் என்று இப்போது பிள்ளைகள் சொல்கிறார்கள். தெரிந்திருக்கலாம். ஆனால் எங்கள் வானில் ஏறியவன் வாயால் சொல்லக்கூடாது, பெற்ற தாய்க்கும் சொல்லக்கூடாது. அது அந்தத் தொழிலின் சத்தியம். குகன் தோற்பதற்கு எடுக்கப்பட்ட ஆள். அதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. "விழுத்துறது லேசு, அங்கிள். விழுறதுதான் வேலை" என்பான். இன்னொன்றும் சொல்வான்: "ஒரு இடத்திலை பட்டால் முறியும். முதுகு முழுக்கப் பட்டால் சத்தம் மட்டும்தான்."

மின்சாரம் போய், குளிர்பெட்டி இறைச்சி பழுதாகிவிடும் என்று சனம் தெருவில் அடுப்பு வைத்துச் சுட்டுத் தின்ற கோடைக்கு முந்திய மாரிக் குளிரில் அவனுடைய முதல் ஆட்டம். அக்கா பார்க்க வரவில்லை. அவ ஒருநாளும் வந்ததில்லை. நாங்கள் திரும்பியபோது கதவைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"வெண்டனியோ, மோனை?"

"இல்லையம்மா."

யூனிவேர்சிற்றியில் தோற்காத பிள்ளை. அக்காவுக்கு அது பிடிபடவில்லை. ஏதோ கண்ணூறு என்று நினைத்தா. அடுத்த வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்துவிட்டு வந்தா. பிள்ளை வெல்லுமட்டும் அரிசி தொடமாட்டாவாம். சோறு மட்டுமில்லை, இடியப்பம், அரிசிமாப் புட்டு, பொங்கல், ஒன்றும் இல்லை. பாண். கடையில் வாங்கும் கோதுமை ரொட்டி. காலையிலும் பாண், இரவிலும் பாண். தோற்பதுதான் பிள்ளையின் வேலை என்று தெரியாமல் வைத்த நேர்த்தி.

தைப்பொங்கல் வந்தது. பொங்கிப் படைத்து, மாடியில் உள்ள எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டு, அக்கா குசினி மூலையில் நின்று பாணைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டா. குகன் அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் நடைபாதையின் இந்தத் தொங்கலுக்கும் அந்தத் தொங்கலுக்குமாக நடந்தான்.

"வெண்டிட்டன் எண்டு ஒருக்காச் சொல்லன், தம்பி. கோயில் கேட்கவே போகுது?" என்றேன்.

"அம்மாவுக்குப் பொய் சொன்னால் எனக்கு விழ வராது, அங்கிள்."

"அப்ப உண்மையைச் சொல்லு."

"என்னெண்டு சொல்ல? படிப்பை விட்டிட்டு நடிக்கிறன் எண்டோ? அந்தப் பதக்கமும் நடிப்போ எண்டு கேட்டால்?"

அடுத்த வருடமும் பாண். அக்கா மெலிந்துகொண்டு போனா. உடம்பில் சீனி வியாதியும் இருந்தது. ஒருநாள் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தா. வைத்தியர் நேரத்துக்குச் சரியாகச் சாப்பிடச் சொன்னார். அக்கா தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பாணை எடுத்தா. ஒரு தட்டுச் சோறு அந்த வீட்டில் உயிர்ப் பிரச்சினையாக வந்து நின்றது.

குகன் டக்கிடம் போய், ஒரே ஒரு வெற்றி தரச் சொல்லிக் கேட்டான். காரணம் சொல்லவில்லை. டக் சிரித்தார். நீ அடி வாங்குவதைப் பார்க்கத்தான் சனம் வருகிறது, பாம்பாட்டி வென்றால் அவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மண்டபத்தை நிரப்ப வேண்டிய மனிதர். வானில் திரும்பி வரும்போது பிரையன்தான் துருவித் துருவிக் கேட்டு, அக்காவின் நேர்த்தியை என்னிடமிருந்து வாங்கினான். என் இங்கிலீசில் நான் சொன்னதே இவ்வளவுதான்: "மதர் நோ றைஸ். சன் வின், றைஸ்." பிரையனுக்கு அது போதுமாயிருந்தது. அக்காவின் கோதுமைமாப் புட்டை எத்தனையோ தரம் தின்ற வாய் அது.

ஒஷாவாவில் ஒரு ஹொக்கி அரங்கு. நான் மேடை ஓரத்தில் கீழே நின்று, தூணைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு பலகை சத்தம் போட்டது. குகன் பிரையனை விழுத்தி மேலே படுத்தான். நடுவர் மூன்று எண்ணினால் கீழே கிடப்பவன் தோற்றான்; இரண்டு எண்ணும்போது பிரையன் தோளைத் தூக்க வேண்டும், பிறகு எழுந்து வழமைபோலப் பாம்பாட்டியை முடிக்க வேண்டும். நடுவர் இரண்டு எண்ணினார். பிரையன் தோளைத் தூக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். நடுவரின் கை காற்றில் நின்றது. குகன் பதறிப்போய், பிரையனுக்கு விளங்காது என்பதையும் மறந்து, தமிழில் முணுமுணுத்தான்.

"எழும்படா. டேய், எழும்பு."

தோள் நிலத்தில் இருந்தால் எண்ணத்தான் வேண்டும். நடுவரின் கை இறங்கியது. மூன்று. சனத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கூவவும் இல்லை, தட்டவும் இல்லை. குகன் முழங்காலில் இருந்தபடி நாலு பக்கமும் பார்த்தான். வென்றவனின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்குப் பிறகும் கண்டதில்லை.

தலை சுற்றிவிட்டது என்று பிரையன் டக்கிடம் சொன்னான். டக் நம்பவில்லை. அன்றோடு பிரையனுக்கு அந்த மேடை முடிந்தது. வானில் குகன் கத்தினான்: உன்னை ஆர் கேட்டது, உனக்கு விசரோ? பிரையன் தெருவைப் பார்த்தபடி ஓட்டினான். கடைசியில் ஒன்று சொன்னான், அதையும் தமிழில் சொன்னான்.

"அம்மா. சோறு."

அக்கா கதவைத் திறந்தா.

"வெண்டனியோ, மோனை?"

"ஓமம்மா."

"ஆரை?"

"பிரையனை."

அக்கா சாமித்தட்டைத் திரும்பிப் பார்த்தா. சிரிக்கவில்லை. "அந்தப் பெடியன்ர தாய்க்கு இனி ஆர் பதில் சொல்லுறது?" என்றா. பிறகு எங்களுக்குப் பின்னால் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நின்ற பிரையனைக் கண்டா. கையைப் பிடித்து இழுத்துவந்து கதிரையில் இருத்தினா. உலை வைத்தா. சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும். முதல் தட்டை அவனுக்குத்தான் வைத்தா. தோற்ற பிள்ளை முதலில் சாப்பிட வேண்டுமாம், அதுக்குப் பிறகுதான் தன் நேர்த்தி தீருமாம். பிரையன் கையால் அள்ளித் தின்றான். குழம்பு உறைத்தோ என்னவோ, அவனுக்குக் கண்ணாலும் மூக்காலும் ஓடியது. அதற்குப் பிறகு அக்கா ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தா. குகன் இருக்கவில்லை. சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குள் அது அடங்கவே இல்லை. முழங்கால் முற்றாகப் போய் மேடையை விட்ட பிறகும், நகரத்துப் பஸ் ஓட்டிய காலத்திலும் திடீரென்று போன் எடுப்பான். சுகம் கேட்கமாட்டான்.

"அங்கிள், நான் வெண்டதோ அது?"

"நடுவர் மூண்டு எண்ணினதை நான் பாத்தனான்."

"அவன் தந்தது எல்லோ?"

"வாங்கின உனக்கு என்ன குறை?"

"யூனிவேர்சிற்றியிலை வெல்லேக்கை எனக்கு ஆரையும் கேக்கத் தேவையில்லை, அங்கிள்."

நான் படிக்காதவன். எனக்குப் பட்டதைச் சொன்னேன். அவன் ஆடிய ஆட்டங்களில் முடிவை முன்கூட்டி ஒருவரும் சொல்லி வைக்காத ஆட்டம் அது ஒன்றுதான். டக்குக்குத் தெரியாது, நடுவருக்குத் தெரியாது, அவனுக்கே தெரியாது. அதைவிட நேரான வெற்றி எது? அவன் முழுக்கக் கேட்பான். பிறகு, "பஸ் எடுக்க நேரமாச்சு, வாறன்" என்று வைப்பான். அடுத்த மாதம் திரும்பவும் கேட்பான்.

டக், கொரோனா வந்த முதல் வருடம் போனார். அதற்கு அடுத்த மாரியில் பிரையன், தன் ஊரில். பெட்டி தூக்கியவர்களில் குகனும் ஒருவன். நொண்டிக் காலோடு பனியில் அவன் ஒருதரமும் சறுக்கவில்லை. நான் பின்னால் நடந்து வந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனுடைய கூடை இப்போது என்னிடம் இருக்கிறது. வானில் கிடந்ததை எடுத்து வந்து குசினியில் வெங்காயம் போட்டு வைத்தேன். அவன் வீட்டுக்கு வந்தால் மூடியைத் திறந்து பார்த்து, "என்ர பாம்பைக் கவனமாப் பாருங்கோ, அங்கிள்" என்பான். போனகிழமை வெங்காயத்தை வெளியே எடுத்துவிட்டேன். திரும்ப ஒன்றும் போட மனம் வரவில்லை.

அக்காவுக்குச் சொல்ல வேண்டிய வேலையைச் சுதா என்னிடம் தந்தாள். அக்கா இப்போது முதியோர் இல்லத்தில். சில நாள் நினைவு இருக்கும், சில நாள் வராது. நான் போன நேரம் ஜன்னல் ஓரம் இருந்தா, என்னை இன்னார் என்று மட்டுக்கட்டினா.

"வாரும் தம்பி. இரும்."

இருந்தேன். இந்த நாட்களில் நான் இருந்தது அங்கே மட்டும்தான். "அக்கா, குகன் வாசல்லை விழுந்து செத்துப்போட்டான்" என்றேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அக்கா என் முகத்தையே பார்த்தா. அழவில்லை. ஒன்றுதான் கேட்டா.

"விழேக்கை நொந்ததோ பிள்ளைக்கு?"

"இல்லை அக்கா. முதுகு முழுக்கப் பட்டது."

தலையாட்டினா. அவ்வளவுதான். அன்று மத்தியானம் அந்த இல்லத்தில் சோறு கொண்டு வந்து வைத்தார்கள். அக்கா தட்டைக் கையால் தள்ளிவிட்டா. அடுத்த நாளும் தள்ளினாவாம். துக்கத்தில் அப்படித்தான், பிறகு சரி வரும் என்று தாதிப்பிள்ளைகள் சொன்னார்கள். பிறகு சந்தோசமாகப் போன் எடுத்தும் சொன்னார்கள், அம்மா சாப்பிடத் தொடங்கிவிட்டா, பாண் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறா என்று. சுதாவுக்கும் ஆறுதல். அது நேர்த்திப் பாண் என்று எனக்கு விளங்கியது. போனை வைத்துவிட்டுத் திரும்பவும் நடந்தேன்.

குகன், பிரையன், நான், அக்கா. அன்றைக்கு அந்தச் சோற்றுக்கு வீட்டில் நின்றவர்கள் இவ்வளவு பேரும்தான். பிரையன் இல்லை. குகனும் இல்லை. என்னைக் கணக்கில் எடுக்காதீர்கள், நான் மேடை பூட்டினவன். மிச்சம் இருப்பது பரமேஸ்வரி அக்கா. அவ பாண் சாப்பிடுகிறா.