அகமது கபீருக்கு வந்த அல் ஐன் வேலை

உள்ளதைச் சொன்னால் அகமது கபீருக்குத் தெரிந்தது ஒரே காரியம்தான். பந்து போட வருகிறவனின் காலைப் பார்ப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார், பேர் கேட்க மாட்டார். பகலெல்லாம் துபாயின் தேரா கடைவீதியில் ஒரு கடைக் கிடங்கில் ஏலக்காய் மூட்டைகளோடு கிடப்பார். சாயங்காலம் ஊருக்கு வெளியே மணல் திடலில் பிட்ச்சுக்குக் கயிற்றுப் பாயை விரித்து, வெறுங்காலோடு நிற்பார். கண்ணை மூடிக்கொண்டு ஓடி வரும் சத்தத்தைக் கேட்டே, எட்டாவது அடியில் தடுமாறுகிறாய் என்பார். துபாயில் அவர் தேற்றிவிட்ட பௌலர் இல்லாத கிரிக்கெட் டீம் குறைவு.

எழுபத்தெட்டில், பாலைவனத்துக்கு நடுவே பேரீச்சந்தோப்பும் வாய்க்காலுமான அல் ஐனில் ஒரு கல்லூரிக்காரர்கள் புதிதாக டீம் சேர்த்தார்கள். அதற்குப் பொறுப்பான வெங்கட்ராமன் தேரா வரை வந்து, மொத்த டீமுக்கும் தலைமைக் கோச்சாக வரச் சொன்னார். தலைமை என்றால் குடும்பத்துக்கு வீடு உண்டு. வெறும் பௌலிங் கோச் என்றால் ரூமில் ஒரு கட்டில்தான். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை மாட்ச்சில் தேரா டீமை அவரே நடத்த வேண்டும், அதைப் பார்த்த பிறகே முடிவு என்றார்.

கபீரின் மனைவி உம்மு ஹானி அன்றே மனசுக்குள் அந்த வீட்டுக்குக் குடி போய்விட்டாள். மூன்று குடும்பத்துக்கு ஒரே அடுக்களை, நடுவில் திரை என்று கிடந்தவளுக்கு வேறெப்படி இருக்கும்? தூக்கத்தில் பேரீச்ச மரங்களுக்கு அடியில் வாய்க்கால் ஓடியது. அதில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விழித்தபோது பாதம் குளிர்ந்திருந்ததாக அடித்துச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை, டீமுக்குச் சாப்பாடு கட்டி எடுத்துக்கொண்டு, திடலோரம் நின்ற பிக்கப் வண்டியில் உட்கார்ந்திருந்தாள். கானல் எழும்பி, ஸ்டம்புகள் தண்ணீரில் மிதப்பதுபோல் அசைந்தன. எதிர் டீமில் மக்தூம் என்கிற நெட்டையன் பந்து போட்டான். முன்கால் கோணலாக விழுந்ததால் பந்து கண்ட இடத்துக்குப் போனது. தேரா டீம் விளாசியது. தண்ணீர் குடிக்க ஆட்டம் நின்றதும் கபீர் நேராக மக்தூமிடம் போனார். மணலில் பெருவிரலால் கோடு கிழித்து, குனிந்து அவன் கணுக்காலைப் பிடித்துத் திருப்பி வைத்தார்.

அப்புறம் மக்தூம் வரிசையாக மூன்று பேரைச் சாய்த்தான். மூன்றாவது ஆளின் ஸ்டம்பு பறந்தபோது தேரா பக்கத்தில் ஒரே ஒருவர் கை தட்டினார். யாரென்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்துப் போக வேண்டியவன் காலில் பேடுகூடக் கட்டவில்லை. கட்டச் சொல்ல வேண்டியவர் மக்தூமின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேரா தோற்றது.

வெங்கட்ராமன் சிரித்துக்கொண்டே பிக்கப் பக்கம் வந்தார். மனுஷன் தங்கம், நடத்துவதெல்லாம் ரெண்டு மாதத்தில் பழகிவிடும், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். உம்மு ஹானி திடலைப் பார்த்தாள். கபீர் இப்போது மக்தூமோடு மணலில் மண்டியிட்டிருந்தார். அந்த முகத்தை அவள் கல்யாணமான புதிதில் பார்த்தது. கண்ணை மூடினாள். அல் ஐன் வீட்டில் வாய்க்கால் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் அவர் ஒரு காகிதத்தில் பதினொரு பேர் எழுதி அடித்து, எழுதி அடித்து, எந்தச் சத்தமும் காதில் விழாமல் உட்கார்ந்திருந்தார்.

"வேணாம் சார். ஒருத்தனெப் பாத்து நீ வெளிய உக்காருன்னு சொல்ல இவருக்கு வராது. பந்து போடச் சொல்லிக்கொடுக்க மட்டும்னா கூட்டிட்டுப் போங்க."

"வீடு கிடைக்காதேம்மா."

"தெரியும்."

வெங்கட்ராமன் போன பிறகு கபீர் வந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா எனக்காவப் போறேம்பிய. போயிப் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருப்பிய. கோவமா?"

"ஆமா."

கோபம் உண்மைதான். அவள் முகத்தைப் பார்க்காமலே ரெண்டு சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, மக்தூம் இருந்த பக்கம் நடந்தார்.