மோட்டார் ரூமுக்குப் போன வயர்

எங்கள் வீட்டு மோடத்தில் வரிசையாகச் சில விளக்குகள் உண்டு. மற்றவை எதற்கு எரிகின்றன என்று நான் கேட்டதே இல்லை. ஓரத்துப் பச்சை விளக்கு நின்று எரிந்தால் நெட் உண்டு, மினுக்கினால் இல்லை. அது மினுக்குவதற்கென்றே பிறந்தது. கம்பம் ஊரில் எங்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்ததும் அடித்துப் பிடித்து வாங்கியதற்கு ஒரே காரணம்தான்: மஸ்கட்டில் இருந்த என் கணவர் எங்கள் மகளைப் பார்க்க வேண்டும். அவர் விமானம் ஏறியபோது அவள் என் வயிற்றில் இருந்தாள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவர் கண்டதெல்லாம் போட்டோதான்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. காலையிலேயே பிள்ளையைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, கம்ப்யூட்டர் முன்னால் மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். திரையில் முதலில் அவர் நெற்றி வரும், அப்புறம் மூக்கு வரும். பாப்பாவைத் தூக்கிக் காட்டச் சொல்லி வாயைத் திறப்பார். பச்சை விளக்கு மினுக்கும். திறந்த வாயோடு அப்படியே நின்றுவிடுவார். அந்த மோடத்தைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போலிருக்கும் எனக்கு.

புகார் எண்ணுக்குப் பேசினால், மோடத்தை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்வார்கள். காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்றால், நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். போதாததற்கு மாமியார், பெட்டி கொதிக்கிறதே என்று அதன்மேல் ஈரத்துணியை மடித்துப் போட்டு வைத்தார். நல்லவேளை, நான் பார்த்தேன்.

கடைசியில் ஒன்று பிடிபட்டது. போன் மணி அடித்தால் நெட் போகிறது. தோட்டத்தில் திராட்சைக்கு மருந்தடிக்கிற அன்றைக்கு மணி அடிக்காமலே போகிறது. மோடத்துக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்? வாசலில் இருந்து போன் வயரைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். மோடத்துக்கு வரும் முன்பே அதிலிருந்து ஒரு வயர் கிளை பிரிந்து, சன்னல் வழியாக இறங்கி, வீட்டை ஒட்டிய எங்கள் திராட்சைத் தோட்டத்துக்குள் போனது. பந்தல் கம்பியோடு கம்பியாகச் சுற்றிக்கொண்டு, கல்தூணுக்குக் கல்தூண் தாவி, மோட்டார் ரூமில் ஒரு பழைய போனில் போய் முடிந்தது. ஒட்டுப் போட்ட இடமெல்லாம் மயில்துத்த மருந்து சொட்டி நீலம் பிடித்துக் கிடந்தது.

எல்லாம் மாமனார் கைங்கரியம். செல்போன் இல்லாத நாளில், வியாபாரி கூப்பிட்டால் பந்தலுக்கடியில் இருந்தே பேச அவர் இழுத்த வயர் அது. இப்போது அவர் சட்டைப்பையிலேயே ஒரு செல் இருந்தது. அந்த வயரை எடுத்துவிடலாமே மாமா என்று பதமாகச் சொன்னேன். கேரளா வியாபாரிகளுக்கு அந்த நம்பர்தான் தெரியும் என்றார். அவர்கள் எல்லாரும் உங்கள் செல்லுக்குத்தானே பேசுகிறார்கள் என்றேன். மருந்துக் கையோடு செல்லைத் தொட முடியாது என்றார். கையைக் கழுவினால் என்ன என்று கேட்கவா முடியும்? அடுத்த வாரம் வேறொரு சாக்கு. பேத்தியைவிட ஒரு துண்டு வயர் பெரிதாகப் போய்விட்டதா இந்த மனிதருக்கு என்று உள்ளுக்குள் குமைந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, கணவர் திரையில் இருக்கும்போதே, பிள்ளை சுவரை விட்டுவிட்டுத் தானாக எட்டு வைத்தாள். நான் பதறிப்போய் கேமராவைத் திருப்பினேன். போன் மணி அடித்தது. விளக்கு மினுக்கியது. எடுத்தால் ராங் நம்பர். அழுகையும் ஆத்திரமுமாகத் தோட்டத்துக்கு நடந்தேன். மாமனார் கொடி நறுக்கும் கவாத்துக் கத்தரியோடு நின்றிருந்தார்.

"மாமா, பாப்பா மொதமொத நடந்தா. ஒங்க மகனால பாக்க முடியல. இந்த வயராலதான் முடியல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கொடியை விலக்கி, கத்தரியால் வயரை நறுக்கென்று வெட்டிவிட்டார். இதற்குத்தானா இத்தனை மாதம் என்னைக் கெஞ்சவிட்டார் என்று எனக்குக் கோபம்தான் கூடியது.

வீட்டுக்கு வந்து மோடத்தைப் போட்டேன். விளக்கு நின்று எரிந்தது. கணவர் திரும்ப வந்தார். பிள்ளை விழுந்து விழுந்து எழுந்து நடந்தாள். அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கிளம்பும்போது சாதாரணமாகச் சொன்னார்:

"சாயங்காலம் எப்பவும்போல மோட்டார் ரூமுக்குப் பேசுறேன்னு அப்பாட்ட சொல்லிரு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணி அடிக்கும். நான் எழுந்து போவதற்குள் மாமனார் தோட்டத்தில் எடுத்துவிடுவார். வியாபாரி என்றே நினைத்திருந்தேன். வீட்டில் எங்கள் முன்னால் மகனோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர், அங்கே போய்ப் பேசியிருக்கிறார். இதை வாய் திறந்து சொல்வதற்கென்ன? கோபத்தை யார்மேல் வைப்பது என்றே தெரியவில்லை.

கணவரை இருக்கச் சொல்லிவிட்டு மாமனாரைக் கையோடு அழைத்து வந்தேன். திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். மகன் அப்பா என்றார். இவர் சாப்பிட்டியா என்றார். மகன் ம் என்றார். அவ்வளவுதான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மாமனார் எழுந்து வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே போய், பேசுங்களேன் மாமா என்றேன்.

"போனுன்னா பேசிருவேன் தாயி. அவன் மொகத்தப் பாத்தா, எப்ப வருவன்னுதான் கேக்க வருது."