ஷமீருக்கு ஒரு ஜாமீன்காரர்

கஞ்சி போடாத சட்டையைப் பொன்மணி யாருக்கும் கொடுத்ததில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் அவள் வெளுக்கும் துணிக்குப் பேரே அதுதான். அந்தப் பெருமை கடைசியில் ஜெயில் வாசலில் போய்ச் சந்தி சிரித்தது.

பக்கத்து வீட்டு சுஹராவின் மகன் ஷமீர் தீவிரவாத வழக்கில் உள்ளே போய் மூன்று வருடம் ஆகிறது. விசாரணையே இன்னும் தொடங்கவில்லை. ஜாமீன் மனு வரும் அன்றைக்காவது பையன் நீதிபதி முன்னால் பளிச்சென்று நிற்கட்டும் என்று, சுஹரா ஜெயிலுக்குக் கொண்டுபோன சட்டைக்குப் பொன்மணி கஞ்சியைக் கொஞ்சம் கூடவே போட்டுவிட்டாள். காலர் பலகை மாதிரி விறைத்து நின்றது. உள்ளே என்னவோ வைத்துத் தைத்திருக்கிறது என்று காவலர்கள் அதைக் கிழித்துப் பார்த்திருக்கிறார்கள். கிழிந்த காலரோடுதான் பிள்ளை கோர்ட்டில் நின்றான்.

"பாவி நான், என் கை சும்மா இருந்துச்சா?" என்று பொன்மணி தலையில் அடித்துக்கொண்டாள்.

சுஹராவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பே வந்துவிட்டது. "போட்டே சேச்சி, ஜாமீன் கிட்டியல்லோ!" என்றாள், சட்டை போனால் போகட்டும் என்கிற மாதிரி.

கிடைத்தது என்னவோ உண்மைதான். ஆனால் சொந்தமாக வீடோ நிலமோ உள்ள இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் சுஹராவின் அண்ணன். இன்னொருவருக்காக அவள் ஏறாத வாசல் இல்லை. வழக்கின் பேரைக் கேட்டதும் சொந்தக்காரர்கள்கூட நழுவிவிட்டார்கள். ஆள் அமையாவிட்டால் ஜாமீன் கிடைத்தும் பையன் உள்ளேதான்.

பொன்மணியின் புருஷன் முத்துவேல் பேரில் வீடு இருக்கிறது. அவரிடம் போய் எப்படிக் கேட்பது? பல வருடம் முன்னால், தமிழ்நாட்டில் சொந்த ஊரில் அவர் பஸ்சுக்கு நின்ற இடத்தில் குண்டு வெடித்தது. இவருக்கு இடது காது போனது. கூட நின்ற தம்பி செத்தே போனான். ஷமீரைப் பிடித்த அன்று டி.வி.யைப் பார்த்து, "இவனுங்கள வெளியவே விடக்கூடாது" என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த மனுஷன் அவர்.

ஆனது ஆகட்டும் என்று வலது காதுப் பக்கமாய் உட்கார்ந்து கேட்டேவிட்டாள்.

"அவன் செஞ்சிருந்தா?" என்றார்.

"செஞ்சிருந்தா கோர்ட்டு தண்டிக்கட்டும். நான் வேண்டாம்னா சொன்னேன்? செய்யலேன்னா இந்த மூணு வருஷத்த யாருங்க திருப்பிக் குடுப்பா?"

முத்துவேல் முன்னால் வைத்த சாயாவைக்கூடத் தொடாமல் எழுந்து போனார். செத்தவனுக்குத் துரோகம் பண்ணிவிட்டோமோ என்று பொன்மணிக்கு அன்று முழுவதும் துணியில் கையே ஓடவில்லை. மறுநாள் காலை மனுஷன் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, "கிளம்புடி" என்றார்.

கோர்ட்டில் நீதிபதி மலையாளத்தில் கேட்டார். வழக்கு என்னவென்று தெரியுமா, பையன் ஓடிப்போனால் உங்கள் வீட்டுக்கே ஆபத்து என்று தெரியுமா?

"தெரியும் சாரே" என்றார் முத்துவேல். "என் தம்பி குண்டுல செத்தவன். அத வெச்சவன இன்னைக்கும் என்னால மன்னிக்க முடியல. இவனும் அப்படிப்பட்டவன்தான்னா நிரூபிச்சு உள்ள போடுங்க, நான் குறுக்க நிக்கமாட்டேன். அதுவரைக்கும் அவங்கம்மா கையால சாப்பிடட்டும்."

பொன்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காட்டிய இடத்திலெல்லாம் அவர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவைக்கூடக் கீழே வைக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

"பையன இப்பவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா சாரே?"