வாப்பாவுக்குச் சூடு தாங்காது

பிள்ளைகளே, உங்கள் வாப்பா பெரிய பயந்தாங்கொள்ளியாக இருந்தவன். இதை வெளியில் யார் வாயாலோ நீங்கள் கேள்விப்படுவதை விட, என் கையால் எழுதித் தருவது நல்லது.

எனக்கு மையித்தைக் கண்டால் பயம். உயிர் போன உடம்பைப் பார்த்தால் கை கால் விறைத்துவிடும். கடல் ஊருக்குள் வந்த வருஷம் எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிவாசல் வளவில் வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களைப் பார்த்தேன். அன்றிலிருந்து யார் இறந்தாலும் அந்த மௌத்து வீட்டின் வாசலைத் தாண்டியதில்லை. வளர்ந்த பிறகு ஒரு தந்திரம் பழகிக்கொண்டேன். மையித்தைக் குளிப்பாட்ட ஆள் தேடும் முன்னே, "கபன் துணி நான் வாங்கி வாறன்" என்று மையித்தைச் சுற்றும் அந்தத் துணியைச் சாக்காக வைத்துக் கிளம்பிவிடுவேன். வாப்பாவின் தம்பி, என் சாச்சா, மௌத்தான அன்று, கல்முனைக் கடைக்காரர் துணியை வெட்டித் தந்த பிறகும் பஸ் நிலையத்தில் ஒரு மணித்தியாலம் சும்மா நின்றேன். திரும்பி வந்தபோது குளிப்பாட்டி முடித்து, துணிக்காகக் காத்திருந்தார்கள். "ஓடியாடி வேலை செய்யிற பொடியன்" என்றார்கள். என் வாப்பா மட்டும் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் துணியை வாங்கிக்கொண்டார்.

போன மாரியில் வாப்பா படுக்கையில் விழுந்தார். ஈரலில் நோய். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கலியாணம் முடித்து நற்பிட்டிமுனையில், அவர் நிந்தவூரில். தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகன், எனக்கு நீ கபன் வாங்கப் போகத் தேவையில்ல. அலுமாரிக்குள்ள வாங்கி வச்சிருக்கன். நீ என்னைக் குளிப்பாட்டு."

நான் தலை குனிந்தேன்.

"உசிரோட இருக்கக்குள்ளயே உனக்கு நான் அடிச்சதில்ல. மௌத்தானதுக்குப் புறகா அடிக்கப்போறன்?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் கேட்ட துஆவை எழுதக் கை கூசுகிறது. யா அல்லாஹ், அவர் மௌத்தாகும் நேரம் என்னைத் தூரத்தில் வைத்துவிடு என்று கேட்டேன். ஒரு மகன் கேட்கும் துஆவா அது? சோறு இறங்கவில்லை. யாரோடும் கதைக்கவில்லை.

உங்கள் உம்மா கண்டுபிடித்துவிட்டாள். தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

"எங்கட உம்மாவ நான் குளிப்பாட்டின கதை தெரியுமா உங்களுக்கு?"

"நீ பயப்பட்டிருக்க மாட்டாய்."

"ஆரு சொன்ன? முதல் ரெண்டு கோப்பைத் தண்ணியையும் கண்ண மூடிக்கொண்டுதான் ஊத்தின. பாதித் தண்ணி எனக்கு மூத்த ராத்தாட சீலையில. 'உம்மாவக் குளிப்பாட்டுறியா, என்னையா?' எண்டு ராத்தா ஏசினா. மறுகாத்தான் கண்ணத் திறந்தன். பார்த்தா எங்கட உம்மாதான் கிடக்கிறா. வேற ஆரும் இல்ல."

தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "பயம் போகட்டும் எண்டு நான் கேக்கல்ல. கை நடுங்கினாலும் அந்த இடத்த விட்டு ஓடாம வை, யா அல்லாஹ் எண்டுதான் கேட்ட."

அன்றிலிருந்து நானும் அதையே கேட்டேன். தொழுகையிலும் கேட்டேன், பஸ்ஸிலும் கேட்டேன்.

அதிலிருந்து பதினோராம் நாள், வியாழக்கிழமை காலை, மழைக்குள் வாப்பா மௌத்தானார். ஒரு பக்கம் சீலையால் மறைப்புக் கட்டினார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார், "குளிப்பாட்ட ஆரு வாற?" என்று கேட்டார். என் கால் வாசல் பக்கம்தான் திரும்பியது. உண்மையைச் சொல்கிறேன். ஆனால் வாய், "நான்" என்றது. அந்தச் சொல்லை என் வாயில் வைத்தவன் அல்லாஹ்.

மறைப்புக்குள்ளே எனக்கு மூத்தவரான காக்கா வாப்பாவின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். இலந்தை இலை போட்ட தண்ணீர் வாளியில் ஆவி பறந்தது. கோப்பையைத் தந்தார்கள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஊற்றும் முன் விரலைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன்.

"தண்ணி சூடு," என்றேன். "வாப்பாக்குச் சூடு தாங்காது. கொஞ்சம் பச்சத் தண்ணி விடுங்க."

மோதினார் கிணற்றுத் தண்ணீரைக் கலந்தார். காக்கா அழத் தொடங்கினார். நான் வலப்பக்கத்திலிருந்து ஊற்றினேன். அங்கே என் வாப்பாதான் கிடந்தார். வேறு யாரும் இல்லை.

அல்ஹம்துலில்லாஹ். பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். மௌத்துச் செய்தி வந்தால் இன்றும் முதலில் தப்பிக்க ஒரு சாக்குத்தான் தேடுகிறேன். ஆனாலும் போகிறேன். அதற்குப் பிறகு மூன்று வீடுகளில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். நிந்தவூர் பஸ்ஸில் ஏறினால் மட்டும் இன்னும் வாப்பாவைப் பார்க்கத்தான் போகிறேன் என்று நினைத்துவிடுகிறேன்.

நீங்களும் ஒருநாள் பயப்படுவீர்கள். உங்களுக்கு முன் பயந்தவர்களிடம் போய்க் கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள். பிறகு அல்லாஹ்விடம் கேளுங்கள். எனக்குத் தந்தவன் உங்களுக்கும் தருவான். மகள், உம்மாவைக் குளிப்பாட்ட நீ. மகன், எனக்கு நீ. அன்று கபன் வாங்க வேறு யாராவது போகட்டும். ஊற்றும் முன் தண்ணீரைத் தொட்டுப் பார். எனக்கும் சூடு தாங்காது.